இணைய ஒளிப்படச் சேமிப்பகம்: காரைக்கால் பகுதி

ஒருவர் எடுத்த படங்களை வேறொரு நிறுவனத்தின் கணினியில் வைத்துக் காத்து, வேண்டியபோது பார்க்கவும் பிறருக்குக் காட்டவும் வழி செய்யும் சேவை இணைய ஒளிப்படச் சேமிப்பகம். பேச்சு வழக்கில் இது ‘கிளவுட்’ அல்லது ‘போட்டோ பேக்கப்’. ‘புகைப்படம்’ என்ற சொல் பரவலாக இருந்தாலும் படத்தில் புகைக்கு வேலையில்லை. ஆதலால் இக்கட்டுரை ‘ஒளிப்படம்’ என்றே எழுதுகிறது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிலத்தால் சிறியதாயினும் இங்குள்ள குடும்பங்கள் பல பிரான்சு வரை பரந்து கிடப்பவை. பாட்டி காரைக்காலிலும் பேரன் பாரிசின் புறநகரிலும் இருக்கும் வீட்டில் கலியாண ஆல்பத்தை எங்கே வைப்பது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நின்றுவிடாது.

முன்வரலாறு

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். சரியாக நூறாண்டு கழித்து, 1839இல், தாகேரின் ஒளிப்பட முறை பாரிசு அறிவியல் கழகத்தில் வெளியிடப்பட்டது. ஆயினும் காவிரிப் படுகையின் புகழ்பெற்ற தொடக்ககாலப் படங்கள் ஆங்கிலேயர் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்த படங்கள் 1858இல் வெளியாயின. பிரெஞ்சு இந்தியாவின் தெருக்களும் கட்டடங்களும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அஞ்சலட்டைகளாக அச்சேறின. அவ்வட்டைகளில் ஊர் தெரியும்; ஊராரின் பெயர் தெரியாது.

பெயருள்ள முகங்கள் ஸ்டுடியோக்களில்தான் கிடைத்தன. பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீனத்து அலுவலகங்களிலும் வேலைக்குச் சென்றவர்கள் சைகோனிலிருந்து படம் எடுத்து அனுப்பினார்கள். ஊரிலிருந்து பதிலுக்குக் குழந்தையின் படம் கப்பலேறியது. ‘சொல்தா’ எனப்பட்ட பிரெஞ்சுப் படைவீரர் வீட்டுச் சுவர்களில் சீருடைப் படங்கள் மாட்டப்பட்ட காலம் அது.

ஸ்டுடியோ முறையில் இன்றைய சேமிப்பகத்தின் எல்லாக் கூறுகளும் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. வாடிக்கையாளர் கையில் கிடைப்பது பிரதி. நெகட்டிவ் கடையில் தங்கும். மறுபிரதி வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். கடை மூடினால் நெகட்டிவ் என்ன ஆகும் என்பதற்கு ஒப்பந்தம் ஏதுமில்லை. மூடிய கடைகள் பலவற்றின் நெகட்டிவ்கள் வெள்ளி பிரிப்பவரிடம் எடைக்குப் போயின. மிஞ்சியவை உப்புக் காற்றில் பூஞ்சணம் பிடித்தன. இத்தனைக்கும் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் விதி. உரிமை வீட்டில், பொருள் கடையில் என்ற இந்தப் பிளவு இணையச் சேவைகளிலும் அப்படியே தொடர்கிறது.

படங்களைக் காக்கும் நிறுவன முயற்சிகளில் முதலிடம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு. அந்நிறுவனம் ழான் ஃபிலியோசா தலைமையில் 1955இல் தொடங்கியது. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துச் சேர்த்த அதன் ஒளிப்படக் காப்பகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. கோயிலுக்கு அடுத்தே குடும்பத்தின் முறை வந்தது: தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்கும் ‘ஸ்டார்ஸ்’ திட்டம் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் புதுச்சேரியிலிருந்து நடந்தது. அதே பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பல மாதம் முடங்கின. பழம்பெரும் நூலகத்துக்கே இந்தக் கதி.

இணையக் காலம்

பிளிக்கர் தொடங்கியது 2004 பிப்ரவரியில்; விக்கிமீடியா பொதுவகம் அதே ஆண்டு செப்டம்பரில். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் வீட்டோடு ஆல்பமும் போயிற்று. அச்சுப் படத்தின் ஜெலட்டின் பூச்சு கடல்நீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது அரிது. வேறு ஊரில் உறவினர் வைத்திருந்த பிரதியே அத்தகைய குடும்பத்துக்கு மிஞ்சும். படத்தை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இப்பகுதியில் வேறு பாடம் தேவையில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் சேவைகள் வந்த வேகத்திலேயே போயின. ஆர்குட் சேவை 2014 செப்டம்பர் 30உடன் முடிந்தது. கோடாக்கின் இணையக் கூடம் 2012இல் மூடப்பட்டது. 2006இல் தொடங்கிய பிக்காசா வலை ஆல்பங்களைக் கூகுள் 2016இல் கைவிட்டது. போட்டோபக்கெட் 2017இல், பிற தளங்களில் படம் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்டது. அதை நம்பியிருந்த எண்ணற்ற பக்கங்களில் படமிருந்த இடத்தில் கட்டண அறிவிப்பு நின்றது. பிளிக்கர் 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியபின் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்றது. 2022இல் அவற்றுள் பொதுப்பார்வைக்கு வைக்காதவை 50ஐத் தாண்டக் கூடாது என்றது. கூகுள் போட்டோஸ் 2015 முதல் சுருக்கப்பட்ட படங்களை வரம்பின்றி ஏற்று மக்களைப் பழக்கிவிட்டு, 2021 ஜூன் 1 முதல் மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபிக்குள் அடக்கச் சொன்னது.

தேர்வு

விளம்பரங்கள் ‘எவ்வளவு இடம்’ என்பதையே முன்வைக்கின்றன. மேற்கண்ட வரலாற்றைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு: வெளியேறும்போது அசல் படம் அப்படியே திரும்பக் கிடைக்குமா? கூகுளின் ‘டேக்அவுட்’ எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தருகிறது. ஆனால் அத்தளத்திலேயே எழுதிச் சேர்த்த குறிப்பு முதலிய விவரங்கள் தனிக் கோப்புகளாக வரும். அவற்றைத் தூக்கி எறிபவர்கள், யார் எந்த விசேஷத்தில் நிற்கிறார்கள் என்று எழுதியதையும் எறிந்துவிடுகிறார்கள்.

அளவுக் கணக்கு எளிது. கைப்பேசிப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி என்று கொண்டால் 15 ஜிபியில் ஏறக்குறைய 4,000 படம் அடங்கும். கலியாண போட்டோகிராபர் பென்டிரைவில் கொடுக்கும் 3,000 படம், ஒன்று 10 எம்பி வீதம், 30 ஜிபி. ஒரே கலியாணத்தில் இலவச இடத்தைப்போல் இரு மடங்கு. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இதை ஏற்ற ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் செயலியே உதவும். புயல் காலத்து டெல்டாவில் இது சிறிய விஷயமல்ல.

இரண்டாவது, கணக்கு யார் பெயரில் என்பது. இரண்டாண்டு பயன்படுத்தாத தனியாள் கணக்கைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கக்கூடியதாக்கியது. தாத்தாவின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்து, அவருக்குப்பின் யாருக்கும் கடவுச்சொல் தெரியாவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. செயலற்ற கணக்கின் தரவை இன்னார் பெறலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி கூகுளிலேயே உண்டு. வீட்டுப் பத்திரம்போல் அதையும் எழுதிவைக்கலாம்.

பொதுப் படங்களின் நிலை வேறு. ஆனிப் பௌர்ணமியையொட்டிய காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதையோ, மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வதையோ எடுத்த படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் ஏற்றது. அங்கு கட்டணமில்லை, விளம்பரமில்லை, படம் சுருக்கப்படுவதுமில்லை. ஆனால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுக்க வேண்டும்; எடுத்தவர் பெயர் மட்டும் நிற்கும். 2011–12இல் நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டி இவ்வகையில் தமிழர் வாழ்வுப் படங்களைப் பெருவாரியாகச் சேர்த்தது. குடும்ப நினைவுக்கு மட்டுமான படத்துக்கு அங்கே இடமில்லை. பொதுவிடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட இந்தியச் சட்டம் இடந்தருகிறது. கருவறையை எடுப்பது கோயில் விதிக்கு உட்பட்டது. பழைய ஆல்பத்திலிருந்து நகலெடுத்து ஏற்றுபவர் பதிப்புரிமைக் காலத்தையும் கணக்கிட வேண்டும். 2012 திருத்தத்துக்குப்பின் ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும் காப்பு உண்டு. 1962 ஆகஸ்டு 16 வரை காரைக்கால் சட்டப்படி பிரெஞ்சு ஆட்சிப் பகுதி என்பதால், அதற்கு முந்தைய படங்களுக்கு இரு நாட்டுச் சட்டங்களுள் நீண்ட காலக் காப்பையே எடுத்துக்கொள்வது தகும்.

படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் பொதுவில் வைத்தால் சில தளங்களில் வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்தே வெளியாகும்.

இன்றைய நிலை

படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் வழியே செல்கின்றன. சாதாரணமாக அனுப்பினால் சுருங்கும், ‘டாகுமென்ட்’டாக அனுப்பினால் அசல் அளவில் போகும்.