பவளத் தொட்டியில் பாசி

உப்புநீரில் உயிருள்ள பவளங்களையும் கடல் மீன்களையும் சேர்த்து வளர்க்கும் மீன்தொட்டியைப் பவளத் தொட்டி என்பார்கள். இதை வைத்திருப்பவரின் பொறுமையைச் சோதிப்பது பெரும்பாலும் பாசிதான். பல்துலக்கியால் தேய்த்துச் சுரண்டினாலும் சில வாரங்களில் அதே கல்லில் பச்சை நூல்கள் தலைகாட்டும். தண்ணீரில் பாசிக்கான உணவு மிஞ்சியிருக்கும், பாசியை மேயும் வாய்கள் குறைவாக இருக்கும். இரண்டும் கூடினால் பாசி நிலைத்துவிடும்.

கடலிலும் பாசி அன்றாடம் வளர்கிறது. நடு அந்தமானில் ரங்கத்துக்கு அருகே, படகில் மட்டுமே போகக்கூடிய லாங் ஐலண்டைச் சுற்றியுள்ளவை போன்ற பவளத்திட்டுகளில் பாறைகள் வழித்துவிட்டதுபோல் தெரிவதற்குக் காரணம், வளர்வதை உடனுக்குடன் தின்றுவிடும் கூட்டம் அங்கே இருப்பதுதான். கிளிமீன் பாறையைக் கொறிக்கிறது, ஓரா மீன் இலைப்பாசியைக் கடிக்கிறது, கடல் முள்ளெலிகளும் நத்தைகளும் இரவில் மிச்சத்தைத் தேய்த்து எடுக்கின்றன. பவளம் செத்தால் கணக்கு மாறும். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. இப்படி வெளுத்துச் செத்த எலும்புக்கூட்டில் முதலில் குடியேறுவது குட்டையான புல்பாசி.

மேய்பவை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா சாட்சி. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் பாசி தின்னும் மீன்கள் அங்கே முன்பே அருகிவிட்டன. அவற்றின் வேலையை நீண்ட முள் கொண்ட கறுப்பு முள்ளெலிகள் தனியாகச் சுமந்தன. 1983-84இல் ஒரு கொள்ளைநோய் கரீபியன் முழுவதும் அவற்றை 90 சதவீதத்துக்கும் மேல் அழித்தது. 1970களின் இறுதியில் திட்டுகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இடத்தைப் பிடித்தது பாசி.

தொட்டியில் உணவு மிஞ்சுவது நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும். மீனுக்குப் போடும் தீனி, மீனின் கழிவு, குழாய்நீர் மூன்றுமே இவற்றைக் கொண்டுவரும். அதனால்தான் அனுபவசாலிகள் ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் மட்டுமே கடல் உப்பைக் கரைப்பார்கள். உறைந்த தீனியைப் பனி உருகிய நீரோடு கொட்டாமல் வடிகட்டிப் போடுவதும் பலரது வழக்கம். இதையெல்லாம் செய்தும் பாசி விடவில்லையென்றால் கல்லைச் சந்தேகிக்க வேண்டும். தொட்டியின் அடியிலும் நடுவிலும் அடுக்கும் கல் சுண்ணாம்புத் தன்மை உடையது; அது பாஸ்பேட்டை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். நீரில் அளவு குறைந்ததும் பிடித்ததை மெல்ல வெளியே விடும். சோதனைக் குழாய் சுத்தம் என்று சொல்லும்போதே கல்மேல் பாசி செழிப்பது இதனால்தான். இரும்பு ஆக்சைடு மணிகள் வழியாக நீரைச் செலுத்திப் பாஸ்பேட்டை உறிஞ்சலாம், ஆனால் பலன் தெரிய வாரங்கள் பிடிக்கும்.

அதற்காக உணவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவதும் ஆபத்து. பவளத்துக்கும் கொஞ்சம் நைட்ரேட், கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். இரண்டும் அற்றுப்போன தொட்டியில் டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்கள் பழுப்புச் சளியாகப் படர்வதுண்டு. சிவப்புத் திரையாகப் படர்வது சயனோபாக்டீரியா. அது பாசியே அல்ல, பாக்டீரியா. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் தோன்றும் பழுப்புத் தூளோ டயாட்டம். அது சார்ந்திருக்கும் சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும், அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். குமிழ்ப் பாசியான வலோனியாவில் கண்ணாடிக் கோலிபோல் தெரியும் ஒவ்வொரு குமிழும் ஒரே ஒரு செல். தொட்டிக்குள் உடைத்தால் அதன் இனப்பெருக்கத் துகள்கள் பரவக்கூடும் என்பதால் முழுதாகப் பெயர்த்து வெளியே எடுக்க வேண்டும். இறகு வடிவப் பிரையாப்சிஸ்தான் மிகப் பிடிவாதமானது. பூஞ்சை மருந்தான புளுகோனசோல் அதைக் கட்டுப்படுத்துவதைத் தொட்டிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் மிஞ்சிய உணவு அப்படியே இருந்தால் வேறொரு பாசி அந்த இடத்துக்கு வரும்.

பாசியைப் பாசியாலேயே வெல்லும் வழியும் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, தனியே ஒரு வலைத்திரையில் வெளிச்சம் காட்டிப் பாசியை வளர்த்து, அதை அவ்வப்போது வழித்தெடுத்து, நீரிலுள்ள உரத்தைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். இன்று பலர் தொட்டிக்கு அடியிலுள்ள சம்ப் என்னும் துணைத்தொட்டியில் கீட்டோமார்பா பாசியை வளர்ப்பது இதே கருத்தின் எளிய வடிவம்.

பிடுங்குவது மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு கடலிலேயே கண்டது. காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட காப்பாபைகஸ், மீனவர்கள் வாயில் ‘பெப்சி பாசி’, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கிளைப்பவளங்கள்மேல் பாய்போலப் படர்ந்திருப்பது 2008இல் ஆய்வாளர்களால் பதிவானது. ஆட்களை இறக்கிக் கையால் அகற்றினார்கள். ஆனால் இந்தப் பாசியின் சிறு துண்டு ஒட்டியிருந்தாலும் அது மறுபடி முளைக்கும். இதே வகைப் பாசி தொல்லை கொடுத்த ஹவாயின் கானியோஹே வளைகுடாவில், படகிலிருந்து குழாய் இறக்கிப் பாசியை உறிஞ்சி எடுத்த கையோடு, பண்ணையில் வளர்த்த குட்டி முள்ளெலிகளை லட்சக்கணக்கில் அந்தப் பாறைகளில் விட்டார்கள். மிஞ்சிய துண்டுகளைத் தின்பது முள்ளெலியின் பொறுப்பு. வீட்டுத் தொட்டியிலும் வரிசை இதுவே: முதலில் கையால் பிடுங்கு, பிறகு டர்போ நத்தைகளையும் முள்ளெலியையும் விடு. நீண்டு முற்றிய நூல்பாசியை நத்தைகள் பொதுவாகத் தொடுவதில்லை.

பாசி ஒருபுறமிருக்க, பவளத்தை எங்கிருந்து பெறுவது என்பதில் இந்தியாவில் சட்டம் குறுக்கே நிற்கிறது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. லாங் ஐலண்ட் கரையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்.

பிடுங்கிய பாசியைச் சாக்கடையிலோ கடலிலோ கொட்டக் கூடாது. காலெர்பா டாக்சிபோலியா என்னும் அலங்காரப் பாசி 1984இல் மொனாகோ கடல் அருங்காட்சியகத்தின் சுவரையொட்டி, சுமார் ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. 2000இல் அது கலிபோர்னியாவில் தென்பட்டபோது தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போட்டால் அந்த வேலை மிச்சம்.