காவலுக்குக் காவல் வந்த கதை

மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடக்கிறவர்களுக்கு லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தெரியாமல் இருக்காது. 1962-இல் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு நூற்பு எந்திரம் செய்யக் கிளம்பிய நிறுவனம். இன்றைய நீளமான ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுழல்கின்றன. எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று பார்த்து ஒட்டிவிட, சைடர் ஷிப்டு முழுக்க எந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். சைடர் வந்தாரா, நடக்கிறாரா என்று பார்க்க மேஸ்திரி.

இப்போது கதிருக்குக் கதிர் சென்சார் வைத்த மில்களும் உண்டு. அந்த சென்சார்கள் அனுப்பும் எண்களைச் சேர்த்து வைக்கிற சர்வர் லினக்ஸில் ஓடுகிறது என்றால், அதன் ஹார்டு டிஸ்க் நிரம்புகிறதா, மெமரி தீர்கிறதா என்று பார்க்க அதற்குள்ளேயே ஒரு சைடர் வேண்டும். அதுதான் மானிட்டரிங் ஏஜென்ட். கணக்கெடுத்து அனுப்பும் நிரலை எழுதுவது பெரிய காரியமில்லை. அது செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1963-இல் அமெரிக்காவின் எம்ஐடியில், ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஐபிஎம் 7094 கணினியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமல் பின்னணியில் தன்பாட்டுக்கு வேலை செய்யும் நிரல்களுக்கு ‘டீமன்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். கோப்புகளை டேப்பில் நகலெடுத்து வைப்பது அப்படிப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று.

லினக்ஸுக்கு முன்னோடியாக அடுத்து வந்த யூனிக்ஸில் ஒரு சங்கடம். அங்கே ஒவ்வொரு நிரலும் தன்னைத் தொடங்கியவரின் டெர்மினலோடு கட்டுண்டு கிடந்தது. தொலைபேசி இணைப்பு வழியாக வேலை பார்த்த காலம் அது. போனை வைத்தால் ‘இணைப்பு போச்சு’ என்ற சிக்னல் வரும், ஓடிக்கொண்டிருந்த நிரல் செத்துவிடும். அந்தத் தொலைபேசி இணைப்பு மறைந்த பின்னும் அந்த சிக்னல் மட்டும் லினக்ஸில் அதே பெயரோடு இருக்கிறது. அதற்குத் தப்ப ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நிரல் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தான் செத்துவிடும். பிள்ளை டெர்மினலோடு உறவை அறுத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையைப் பெற்றுவிட்டு அதுவும் சாகும். எஞ்சிய பேரப்பிள்ளை அநாதை. அதை ஒன்றாம் எண் நிரலான இனிட் தத்தெடுத்துக்கொள்ளும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் பல்லாண்டு எல்லா டீமன்களும் இந்த வழியில்தான் பிறந்தன.

கண்காணிக்கிற ஏஜென்டுகள் பெருகியது 1988-க்குப் பிறகு. எஸ்என்எம்பி என்ற நெறிமுறை அந்த ஆண்டில் வெளியானது: மேலே ஒரு மேனேஜர் கேட்கும், ஒவ்வொரு கருவியிலும் உள்ள ஏஜென்ட் பதில் சொல்லும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஏஜென்டை எடுத்து, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வெஸ் ஹார்டேக்கர் வளர்த்தார். அதுவே பின்னர் நெட்-எஸ்என்எம்பி ஆயிற்று. லினக்ஸில் 161-ஆம் போர்ட்டில் இன்றும் காத்திருப்பது அதன் டீமன்தான். நம் பக்கமும் இதில் ஒரு கை உண்டு. 1996-இல் தொடங்கி சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனத்தின் ஆரம்பகாலச் சரக்கே எஸ்என்எம்பி மென்பொருள்தான். 2009-இல் அதன் பெயர் ஸோஹோ ஆனது. அதன் சைட்24×7 கண்காணிப்புச் சேவைக்கு லினக்ஸில் நிறுவும் ஏஜென்ட் உண்டு.

1999-இல் ஈத்தன் கால்ஸ்டாட் வெளியிட்ட நெட்செயின்ட் என்ற கண்காணிப்பு மென்பொருள் பின்னாளில் நாகியோஸ் ஆனது. லாட்வியாவின் அலெக்ஸி விளாடிஷெவ் எழுதிய ஸாபிக்ஸ் 2001-இல் வெளிவந்தது. கருவிகள் இப்படி வந்துகொண்டே இருந்தாலும் அவற்றின் ஏஜென்டுகளை ஓடவைத்த முறை மட்டும் பரிதாபமாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸ் தனக்குக் கொடுத்த எண்ணை ஏஜென்ட் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அது இடையில் செத்தாலும் கோப்பு அப்படியே கிடக்கும். ‘கையெழுத்து இருக்குதுங், ஆளைத்தான் காணோம்’ என்று மேஸ்திரி சொல்கிற நிலை. அதைவிட மோசம், செத்த ஏஜென்டின் எண் வேறு நிரலுக்குப் போயிருக்கும். நிறுத்து என்று ஸ்கிரிப்டிடம் சொன்னால் சம்பந்தமில்லாத அந்த நிரல் சாகும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய டீமன்டூல்ஸ் இதைத் தலைகீழாக்கியது. ஏஜென்ட் ஓடிப்போய் ஒளிய வேண்டாம், பெற்றவரின் கண்முன்னேயே ஓடட்டும். செத்தால் பெற்றவருக்கு உடனே தெரியும், மறுபடி எழுப்பிவிடுவார். இவ்வளவு எளிய யோசனை பெரிய லினக்ஸ் வெளியீடுகளுக்குள் நுழைய ஏன் அத்தனை காலம் எடுத்தது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

2010-இல் லென்னார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் இனிட்டின் இடத்துக்கு சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். 2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த சிகுரூப் வசதியை அது பிடித்துக்கொண்டது. ஏஜென்ட் எத்தனை பிள்ளை பெற்றாலும் எல்லாம் ஒரே குழுவுக்குள் அடங்கும். தப்பிப்போன அநாதை என்று எதுவும் இல்லை. நீள ஸ்கிரிப்ட் போய், பத்துப் பதினைந்து வரிக் கோப்பு வந்தது: எந்த நிரல், எந்தப் பயனர் பெயரில், விழுந்தால் எத்தனை விநாடியில் எழுப்புவது. இதை எதிர்த்தவர்கள் ஏராளம். 2014-இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் தொழில்நுட்பக் குழு, இதை ஏற்பதா என்று வாக்கெடுத்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதில் மனம் நொந்தவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனி வெளியீடே தொடங்கினார்கள். எல்லா வேலையையும் ஒரே நிரல் இழுத்துப்போட்டுக்கொள்கிறது என்ற அவர்கள் குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஏஜென்டை எழுப்பிவிடும் விஷயத்தில் என் ஓட்டு சிஸ்டம்டிக்குத்தான்.

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் ஏஜென்ட் இப்போது மட்டும் ஓடும். கணினி மறுபடி தொடங்கும்போதும் தானே எழ ‘எனேபிள்’ கொடுக்க வேண்டும். 2012-இல் கோவை வட்டாரம் பட்ட மின்வெட்டை நினைத்தால் இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். கரன்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்துவிடும், எனேபிள் கொடுக்காத ஏஜென்ட் எழாது.

சரி, சிஸ்டம்டியே உறைந்துபோனால்? அதற்கு மேல் பார்க்க நிரல் கிடையாது. ஆனால் பல சர்வர்களில் வாட்ச்டாக் என்ற வன்பொருள் டைமர் இருக்கிறது. அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால், சிஸ்டம்டி குறித்த இடைவெளியில் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தொடுவது நின்றால் அந்த டைமர் யாரையும் கேட்காமல் கணினியை ரீசெட் செய்துவிடும்.