துக்க வீட்டில் தேசியக்கொடி: தமிழக அரசியல் வரலாறும் திருத்தணி சார்ந்த நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

இறப்பு நிகழ்ந்த இல்லத்தில் தேசியக்கொடியை ஏற்றலாமா, ஏற்றினால் அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா என்னும் வினா, மரபுக்கும் சட்டத்திற்கும் இடையில் நிற்பது. தமிழகத்தில் இவ்வினாவிற்கு அரசியல் வரலாறும் உண்டு. 1947, 1965 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பெருநாள்களே துக்க நாள்களாக அறிவிக்கப்பட்டன. குடியரசுத் தலைவர் ஒருவரை ஈன்ற எல்லை நகரமான திருத்தணியை நோக்குநிலையாகக் கொண்டு, அரசுத் துக்கம், இல்லத் துக்கம், எதிர்ப்புத் துக்கம் என்னும் மூன்றையும் இக்கட்டுரை வேறுபடுத்தி ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தேசியக்கொடி, துக்க நாள், கறுப்புக்கொடி, அரைக்கம்பம், திருத்தணி, 1965 மொழிப்போர்

முன்னுரை

கொடி என்பது தமிழ் மரபில் பெரிதும் மகிழ்ச்சியின் அடையாளம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வகைப்படுத்திக் கூறுகிறது. தெய்வம் உறையும் வாயிலில் ஏற்றிய கொடி, ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, நாவாய்களில் அசைந்த கொடி, கள் விற்கும் மனையில் கட்டிய கொடி என அவை அமைகின்றன. வழிபாடு, புலமை, வணிகம், நுகர்வு ஆகிய நான்கும் அங்குக் கொடியால் அறிவிக்கப்படுகின்றன. குன்றுதோறாடும் சேவற்கொடியோனின் தலமாகப் போற்றப்படும் திருத்தணியிலும், பிற முருகன் தலங்களிலும் கொடியேற்றம் என்பது விழாவின் தொடக்கத்தையே குறிக்கும்.

துக்கத்தைத் தமிழ் மரபு வெளிப்படுத்தும் முறை இதற்கு நேர்மாறானது. துக்கம் ஓர் அடையாளத்தைச் சேர்ப்பதைக் காட்டிலும், இருக்கும் அடையாளங்களைக் களைவதன் வழியாகவே பெரிதும் புலப்படுகிறது. வாசலில் கோலம் இடுவதில்லை, பூச்சூடுவதில்லை, ஓராண்டுக்குப் பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுவதில்லை. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் எவரும் சூடாத நிலையில் முல்லை பூத்ததை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் வினவும் புறநானூற்றுப் பாடல் (242) இம்மரபின் தொன்மைக்குச் சான்று. பூ பூத்ததில் பிழையில்லை. அதைச் சூடுவோர் இல்லை என்பதே அங்குத் துக்கம்.

இம்மரபில் வளர்ந்த ஒரு குடும்பம் ஆகஸ்ட் 15 அன்று கொடியை ஏற்றாமல் விட்டால் அது நாட்டுக்கு அவமதிப்பாகுமா? ஏற்றினால் இறந்தவருக்கு அவமதிப்பாகுமா? கொடியை இறக்கிக் கட்டித் துக்கத்தைக் காட்டலாமா? இவ்வினாக்களுக்கு விடைகாணத் துக்கத்தை அறிவிக்கும் உரிமை எவரிடம் இருந்துவந்தது என்பதை வரலாற்று நிலையில் காண்பது தேவையாகிறது.

1947: துக்க நாளா, இன்ப நாளா?

அரசியலமைப்பு நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்டது. அடுத்த மூன்றரை வாரங்களில் வந்த விடுதலை நாளைத் திராவிடர் கழகத் தலைவர் பெரியார் துக்க நாள் என அறிவித்தார். ஆங்கிலேயரிடமிருந்து அதிகாரம் பார்ப்பன-பனியா ஆதிக்கத்திற்குக் கைமாறுகிறது என்பது அவர் முன்வைத்த காரணம். அதே இயக்கத்தின் முன்னணித் தலைவராக விளங்கிய அண்ணா இதனை ஏற்கவில்லை. அயல்நாட்டு ஆட்சி அகல்வது திராவிடருக்கும் மகிழ்ச்சிக்குரியதே எனத் 'திராவிட நாடு' இதழில் எழுதினார். 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றுவதற்கு முன்பே இருவருக்கும் இடையே வெளிப்பட்ட கருத்து வேறுபாடுகளுள் இது முதன்மையானது.

இவ்விவாதத்தில் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. இருவருமே துக்கத்தை ஒரு பொதுச்செயலாகக் கொண்டனர். எவருடைய இறப்பும் இன்றி, ஓர் அரசியல் நிகழ்வின்பொருட்டுச் சமூகம் துக்கம் காக்க இயலும் என்பது புதிய கருத்தாகும். 1928இல் சைமன் குழு இந்தியாவிற்கு வந்தபோது நாடெங்கும் எழுந்த கறுப்புக்கொடிகள் இதற்கு வழியமைத்திருந்தன. களைவதால் துக்கம் காட்டிய மரபு, உயர்த்துவதால் துக்கம் காட்டும் அரசியல் மொழியையும் ஏற்றுக்கொண்டது.

இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக்கொடியை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தார். முதலமைச்சர் காமராசர் அளித்த உறுதிமொழிக்குப் பின் அது ஒத்திவைக்கப்பட்டது. 1957 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு எரிப்புப் போராட்டம் நடைபெற்றது. அதனை முன்னிட்டுச் சென்னை மாநிலச் சட்டமன்றம் தேசிய மரியாதை அவமதிப்புத் தடைச் சட்டத்தை 1957இல் இயற்றியது. நாடாளுமன்றம் இதே நோக்கில் நாடு முழுமைக்குமான சட்டத்தை இயற்றியது 1971இல்தான். அவ்வகையில், கொடியையும் அரசியலமைப்பையும் அவமதிப்பதைத் தண்டிக்கும் சட்ட வரலாற்றில் சென்னை மாநிலம் மைய அரசினை முந்தியது எனலாம்.

1965: குடியரசு நாளும் கறுப்புக்கொடியும்

அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு, ஆங்கிலம் ஆட்சி அலுவலில் தொடர்வதற்கு வகுத்த பதினைந்து ஆண்டுக் காலம் 1965 ஜனவரி 26இல் நிறைவுற்றது. அந்நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் தி.மு.க. முடிவு செய்தது, இல்லங்களில் கறுப்புக்கொடி ஏற்றுவது அதன் அடையாளமாயிற்று. முதலமைச்சர் எம். பக்தவத்சலம், குடியரசு நாளின் புனிதத்திற்கு ஊறு நேர்வதை அரசு பொறுக்காது என எச்சரித்தார். ஜனவரி 25 அன்று அண்ணா உள்ளிட்ட தலைவர்களும் தொண்டர்களும் முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யப்பட்டனர். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1964 ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்திருந்தார். எனவே துக்கம் என்னும் சொல்லுக்குப் பின்னால் உண்மையான இறப்பும் இருந்தது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோரின் தீக்குளிப்பும், சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்ததும் அடுத்த நாள்களில் நிகழ்ந்தன.

அரசின் வாதம், குடியரசு நாள் தேசிய மகிழ்ச்சி நாள், அன்று துக்கம் காட்டுவது குடியரசையே மறுப்பதாகும் என்பது. இயக்கத்தின் வாதம், துக்கம் குடியரசின்பொருட்டு அன்று, அந்நாளில் நடைமுறைக்கு வரும் மொழி ஏற்பாட்டின்பொருட்டே என்பது. ஒரே நாளின் ஒரே முற்றம் மூவண்ணக் கொடிக்கும் கறுப்புக்கொடிக்கும் உரிய இடமாகக் கோரப்பட்டது. எனவே பூசல் கொடித்துணியைப் பற்றியதாக மட்டும் அமையவில்லை. பொதுமக்களுக்கான துக்கத்தை அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உரியதா, மக்களுக்கும் உண்டா என்பதே அதன் அடிப்படை.

திருத்தணிக்கு இப்பூசல் தனிப்பொருள் உடையது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலத்தின் ஆட்சியில் இருந்தது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாகவும், படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையிலும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மொழியின்பொருட்டு மாநிலம் மாறி ஐந்தாண்டு நிறையுமுன், மொழியின்பொருட்டே குடியரசு நாள் துக்க நாளாக அறிவிக்கப்பட்டதை இந்நகரம் கண்டது. 1947 ஆகஸ்ட் 15 அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஒரு வீட்டு முற்றம், 1965இல் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்டது. எல்லை மாறியபோதும் தேசியக்கொடி மாறவில்லை. மொழியுரிமைக்கான போராட்டமும் நாட்டுப்பற்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இத்தகைய எல்லை நகரங்களின் வரலாறே சான்றாகும்.

1975: திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார். தம் ஊரில் பிறந்த பெருமகனுக்காகத் திருத்தணிக் குடிமகன் ஒருவர் அன்று தம் இல்லத்தில் தேசியக்கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட எண்ணியிருந்தால், அன்றைய விதிகள் அதற்கு இடமளித்திருக்குமா?

அக்காலக் கொடி விதித்தொகுப்பின்படி குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், ஏப்ரல் 6 முதல் 13 வரையான தேசிய வாரம் முதலிய குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே தனியார் தம் இல்லங்களில் கொடியேற்ற இயன்றது. ஜாலியன் வாலாபாக் ஈகியரை நினைவுகூரும் தேசிய வாரம் முடிந்து நான்கு நாள்கள் கழிந்தே இராதாகிருஷ்ணன் மறைந்தார். எனவே இல்லத்துக் கொடி அன்றைய துக்கத்தில் பங்கேற்க வழியில்லை. தேசியக்கொடியின் வழியாகத் துக்கம் காட்டும் உரிமை அரசுக் கட்டடங்களுக்கே உரியதாக இருந்தது. தனியாருக்கு அனுமதிக்கப்பட்ட நாள்கள் கொண்டாட்டத்திற்கும் நினைவுகூரலுக்கும் உரியன. நிகழ்காலத் துக்கத்திற்கு அவற்றில் இடமில்லை.

2002க்குப் பிந்தைய சட்ட நிலை

2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, எல்லா நாள்களிலும் கொடியேற்றத் தனியாருக்கு வழிவகுத்தது. நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரி 23 அன்று அளித்த தீர்ப்பு, கொடியை உரிய மரியாதையுடன் பறக்கவிடுவது அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பின்கீழ் வரும் கருத்து வெளிப்பாட்டு உரிமை என உறுதிசெய்தது. 2022 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம், இல்லங்களில் இரவிலும் கொடி பறப்பதற்கு இசைவளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 13 முதல் 15 வரை இல்லந்தோறும் மூவண்ணக் கொடி ஏற்றும் இயக்கம் நடைபெற்றது.

எனினும் துக்கத்தைப் பொறுத்தவரை கட்டுப்பாடு இறுகியது என்பதே உண்மை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2003இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, அரசாணைக்கு இணங்கப் பொதுக்கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் வேளைகள் தவிர, பிற வேளைகளில் அவ்வாறு பறக்கவிடுவது அவமதிப்பாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தந்தையை இழந்த ஒருவர் அன்புமிகுதியால் தம் வீட்டுக் கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டினாலும் சட்டம் அதனை ஏற்பதில்லை. அரசு, படைத்துறை, துணைப் படைத்துறை மரியாதையுடன் நிகழும் இறுதிச் சடங்குகள் தவிர, உடலின்மீது கொடியைப் போர்த்துவதற்கும் இதே தடை பொருந்தும். போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் அமைதல் வேண்டும். கொடியைப் புதைத்தலும் எரித்தலும் கூடா. 2015 ஜூலை 30 அன்று இராமேசுவரத்தில் அப்துல் கலாமுக்கு நிகழ்ந்த இறுதிச் சடங்கு போன்றவை இவ்விதிவிலக்கில் அடங்கும்.

பெருநாளும் துக்கமும் ஒரே நாளில் நேர்ந்தால் விதித்தொகுப்பு பெருநாளுக்கே முதன்மை தருகிறது. குடியரசு நாள், விடுதலை நாள் முதலியவற்றில் கொடி முழுக்கம்பத்தில் பறக்கும். உடல் வைக்கப்பட்டுள்ள கட்டடத்தில் மட்டும், உடல் அகற்றப்படும் வரை, அரைக்கம்பத்தில் இருக்கும். தமிழகத்தைச் சேர்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 2009 ஜனவரி 27 அன்று, குடியரசு நாளுக்கு மறுநாள், மறைந்தார். பெருநாளின் அணிவகுப்பு அதற்குள் முடிந்திருந்தது. 29 அன்று நிகழவிருந்த படைவீரர் பாசறை திரும்பும் நிகழ்ச்சி கைவிடப்பட்டது.

ஒப்பீடு

பிற நாடுகள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. ஜப்பானில் 1912இல் மெய்ஜி பேரரசர் மறைந்தபோது வெளியான அரசு அறிவிப்பு, கொடிக்கம்பத்தின் உச்சி உருண்டையைக் கறுப்புத் துணியால் மூடி, அதன்கீழ்க் கறுப்பு நாடா கட்டும் முறையை வகுத்தது; இல்லத்துக் கொடியும் இவ்வாறு துக்கம் காட்ட இயன்றது. சவூதி அரேபியாவின் கொடி இறைநம்பிக்கை வாசகத்தைத் தாங்கியிருப்பதால் ஒருபோதும் தாழ்த்தப்படுவதில்லை. பிரித்தானியாவில் 1997இல் இளவரசி டயானா மறைந்தபோது பக்கிங்காம் அரண்மனையில் கொடி தாழாமை குறித்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் இறுதிச் சடங்கு நாளில் நாட்டுக்கொடி அங்கு அரைக்கம்பத்தில் பறந்தது. துக்கத்தின் அளவை அரசு மட்டுமே முடிவு செய்ய இயலாமற்போன நிகழ்வு அது.

இந்திய விதியை ஊர்த்திருவிழா மரபுடன் ஒப்பிடலாம். கோயிலில் கொடியேறியபின் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அவ்வீட்டார் விழாவில் கலந்துகொள்வதில்லை. உடல் எடுக்கப்படும் வரை நடை திறவாத ஊர்களும் உண்டு. ஆயினும் ஏறிய கொடி இறப்பின்பொருட்டு இறக்கப்படுவதில்லை. ஊரின் மகிழ்ச்சியை ஒரு வீட்டின் துக்கம் நிறுத்துவதில்லை. அவ்வீட்டை மகிழ்ச்சியில் பங்கேற்குமாறு ஊரும் வற்புறுத்துவதில்லை. கொடி விதித்தொகுப்பு இவ்விரு கூறுகளுள் முதலாவதை வெளிப்படையாகக் கூறுகிறது. கொடியேற்றுதலைக் கடமையாக அன்றி உரிமையாக நீதிமன்றம் வரையறுத்ததனால், இரண்டாவது கூறும் உட்கிடையாகப் பெறப்படுகிறது.

முடிவுரை

இல்லத் துக்கத்தின்போது தேசியக்கொடியை ஏற்ற விரும்புவோர் முழுக்கம்பத்தில் ஏற்றலாம். சட்டத்தில் அதற்குத் தடையில்லை. ஏற்றாமல் இருப்பதும் குற்றமன்று. கோலமிடாத வாசலைப் போன்றே அதுவும் மரபுவழிப்பட்ட துக்கவெளிப்பாடு. அதனை நாட்டுப்பற்றின்மை எனக் கொள்வது இம்மரபை அறியாமையாகும். தாமே முடிவுசெய்து அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது மட்டும் கூடாது.

1947, 1965 ஆகிய ஆண்டுகளின் எதிர்ப்புத் துக்கம் இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக்கொடியைக் காக்கிறது. வேறொரு கொடி உயர்வதைப் பற்றி அது பேசவில்லை. அரசியலமைப்பைச் சட்டவழியில் திருத்தும் நோக்குடன் செய்யப்படும் திறனாய்வு குற்றமாகாது எனவும் அதன் முதல் விளக்கம் கூறுகிறது. தேசியக்கொடியால் துக்கம் அறிவிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. துக்கம் கொள்ளும் உரிமையோ வீட்டிடமும் மக்களிடமும் எஞ்சி நிற்கிறது. 1965இல் கறுப்புக்கொடி ஏற்றியோர் இவ்வேறுபாட்டினையே வலியுறுத்தினர். குடியரசு நாளின் புனிதம் குறித்த அரசின் எச்சரிக்கை அதனைக் கருதத் தவறியது.