எலும்பின் பெயரும் கண்ணின் நிறமும்: ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்பெக்டா நோய்வரலாற்றில் ஒரு பார்வை

சிறு அதிர்ச்சிக்கும் எலும்பு முறியும் அரிய பிறவிநோய்க்கு ஆம்ஸ்டர்டாம் நகரின் உடற்கூற்றியலாளர் வில்லெம் ஃப்ரோலிக் 1849இல் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்பெக்டா எனப் பெயரிட்டார். 'நிறைவுறாத எலும்பாக்கம்' என்பது அதன் பொருள். பெயர் எலும்பை மட்டுமே சுட்டிற்று. ஆனால், நோய் எலும்போடு நிற்பதில்லை என்பதற்கான சான்று அதற்கு 18 ஆண்டுகள் முன்பே அச்சேறியிருந்தது.

1831இல் ஜெர்மானியரான எட்மண்ட் ஆக்ஸ்மன், தமக்கும் தம் உடன்பிறந்தார் இருவருக்கும் இருந்த இந்நோயை விவரித்தார். எலும்பு முறிவுடன், மூட்டு நழுவுதலையும் கண்ணின் வெள்ளைப்பகுதியாகிய ஸ்கிளீரா நீலம் பாய்ந்திருந்ததையும் அவர் குறித்தார். நோயுற்றவரே எழுதிய குறிப்பு என்பதே இதன் தனிச்சிறப்பு. எலும்புக்கூட்டைக் கொண்டு ஆராயும் உடற்கூற்றியலுக்குக் கண்ணின் நிறம் எட்டாமற் போவது இயல்பே.

1896இல் இங்கிலாந்தின் ஸ்பர்வே, எலும்பு முறிவும் நீலக் கண்ணும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தார். எனினும் உண்மையான திருப்பம் 1900இல் ஆல்பிரட் எட்டோஸ் எழுதிய சிறு குறிப்பில்தான் நிகழ்ந்தது எனலாம். இரண்டையும் அவர் தனித்தனிக் குறிகளாகக் கொள்ளவில்லை. உடலெங்கும் பரவிய நார்த்திசுவின் குறைபாடே இரண்டுக்கும் மூலம் எனக் கருதினார். நுண்ணோக்கியோ வேதியியலோ தராத அம்முடிவுக்குக் கண்ணின் நிறமே வழிகாட்டியது. 1980களில், முதல்வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணுக்களின் பிழை கண்டறியப்பட்டபோது அவரது ஊகம் உறுதிப்பட்டது. எலும்புக்கும் ஸ்கிளீராவுக்கும் அடிப்படை அந்தக் கொலாஜனே. அது குறையும்போது, உள்ளிருக்கும் கோராய்டு படலத்தின் கருமை வெளித்தோன்றி நீலமாகத் தெரிகிறது.

1979இல் டேவிட் சில்லென்ஸ் குழுவினர் நோயை நான்கு வகையாகப் பிரித்தபோது ஸ்கிளீராவின் நிறத்தையும் ஓர் அளவுகோலாகக் கொண்டனர். முதல் வகையில் நீலம் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். நான்காம் வகையில் கண் பெரும்பாலும் இயல்பான வெண்மையுடனே இருக்கும். ஆகவே நீலம் இல்லாமை நோயின்மைக்குச் சான்றாகாது. நலமான பச்சிளங்குழந்தைகளின் கண்ணிலும் மெல்லிய நீலம் காணப்படுவதுண்டு.

இவ்வரலாற்றில் கண் பெரிதும் அடையாளமாகவே பேசப்பட்டது; தானே ஊறுபடும் உறுப்பாகப் பேசப்பட்டது குறைவு. மெலிந்த ஸ்கிளீராவும் கார்னியாவும் சிறு அடியிலேயே கிழியக்கூடும். கார்னியா மெலிந்திருப்பின் கண்ணழுத்த அளவீடு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கண்ணழுத்த நோயான கிளாக்கோமா அதனால் கவனிப்பிலிருந்து தப்பக்கூடும். எலும்பு மருத்துவரிடம் மட்டுமே செல்லும் நோயாளிக்கு இவ்விடர் பெரும்பாலும் சொல்லப்படாமலே போகும்.