கட்டுப்பாட்டுக் குழு உருவான வரலாறு: ரெடியின் குடுவை முதல் சென்னைக் காசநோய் ஆய்வு வரை

ஒரு சோதனையில் நாம் மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. அதனால் என்ன ஆகிறது என்று அளப்பது சார்ந்த மாறி. அந்த மாற்றத்தைச் செய்யாமல் ஒப்பீட்டுக்கென வைத்திருப்பது கட்டுப்பாட்டுக் குழு. பாடநூல் மூன்று வரிகளில் முடித்துவிடும் இந்த முறை உருப்பெற ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. ‘வேறு காரணம் இருக்கலாமே’ என்ற மறுப்புக்கு விடை தேடித் தேடியே அது வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அழுகும் இறைச்சியில் புழு தானாகவே பிறக்கிறது என்று நம்பிய காலத்தில், இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி சில குடுவைகளில் இறைச்சியும் மீனும் இட்டு வாயை மூடினார்; சிலவற்றைத் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் மட்டும் புழு நெளிந்தது. ஆனால் மூடியபோது ஈயோடு காற்றும் தடைபட்டது. எது காரணம் என்று எப்படிச் சொல்வது? ரெடி மறுபடி செய்தார். இம்முறை காற்று புகும், ஈ புகாத மெல்லிய வலைத்துணியால் வாயைக் கட்டினார். ஈக்கள் துணியை மொய்த்தன. இறைச்சியில் புழு இல்லை. 1668இல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள இந்த இரண்டாம் சோதனையே என் பார்வையில் பெரிய பாய்ச்சல். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதி அந்தத் துணியில் இருக்கிறது.

குடுவைகளைப் போல மனிதர்களையும் ஒப்பிட முடியுமா? 1747 மே மாதம், ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். கூடியவரை ஒரே நிலையில் இருந்தவர்கள். ஒரே இடத்தில் படுக்கை, ஒரே உணவு. இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் பெற்ற இருவரும் ஆறே நாளில் தேறினர்; ஒருவர் வேலைக்குத் திரும்பினார், மற்றவர் மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். பின்னர் அதே லிண்ட், இப்பழங்களின் சாற்றைச் சுண்டவைத்துச் சேமிக்கப் பரிந்துரைத்தார். சூடு அதன் பயனைக் கெடுத்தது. சோதித்துப் பார்க்காத புது மாறி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான்.

இன்னொரு ஐயம் மிஞ்சியது. யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்தால், தேறக்கூடியவர்களை அவர் அறியாமலே புது மருந்தின் பக்கம் தள்ளிவிடலாம். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், பாத்திக்குப் பாத்தி மண்வளம் மாறுவதைக் கண்டு, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சமவாய்ப்பு முறைக்கு விட்டார். அதே முறையைப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் காசநோயாளிகளிடம் கொண்டுவந்தார். யார் எந்தக் குழு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்த வல்லுநர்களுக்கும் அது தெரியாது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. முடிவு 1948இல் வெளியானது. பிரிட்டனில் எல்லாருக்கும் போதிய மருந்து அப்போது இல்லாததே அப்படி மருந்தில்லாத ஒரு குழுவை வைப்பதற்கு நியாயமாயிற்று.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வுக்கு அந்த நியாயம் பொருந்தாது. பயன் தரும் மருந்துகள் கைக்கு வந்துவிட்டன. ஆகவே இரு குழுவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. ஒரு குழு வீட்டிலிருந்தபடி, மற்றது சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில். அன்று வழக்கத்தில் இருந்த சானடோரியச் சிகிச்சையே கட்டுப்பாடாக அமைந்தது. சத்துணவும் ஓய்வும் தாதியர் கவனிப்பும் அங்கே கிடைத்தன. நெருக்கடியான ஏழை வீடுகளில் இவை ஏது? மாறிகள் பல ஒன்றாக மாறின என்பது உண்மை. ஆனால் ஆய்வாளர்கள் கேட்டது உணவைப் பற்றியோ ஓய்வைப் பற்றியோ அல்ல. இவை எதுவும் இல்லாத வீட்டில் மருந்து வேலை செய்யுமா என்பதையே. 1959இல் வெளியான முடிவில், வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதைத் தொடர் கண்காணிப்பு காட்டியது. சானடோரியக் கட்டிலுக்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற கொள்கை இதன் பின்னரே பல நாடுகளில் வேரூன்றியது.