நாலரை வண்டும் அஞ்சு குரங்கும்

இன்னைக்கு ஒரு வண்டுக் கூட்டத்தை எண்ணப் போறோம்.

1150-ல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் ஒரு கணக்கு வருது. கூட்டத்தில் பாதியை எடுத்து, அதோட வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை வண்டுகள் மல்லிகைப் பக்கம் போயிடுச்சு. மொத்தத்தில் ஒன்பதில் எட்டு பங்கும் பின்னாடியே போச்சு. மீதி ரெண்டே வண்டு. ராத்திரி தாமரைக்குள்ள மாட்டிக்கிட்ட ஆண் வண்டு ரீங்காரம் போடுது, வெளியே நிக்கிற பெண் வண்டு பதில் சொல்லுது. மொத்தம் எத்தனை?

கதையை எடுத்துட்டா, இது நம்ம பத்தாம் வகுப்பு நோட்டில் இருந்த ரூட் போட்ட சமன்பாடுதான். அந்த வர்க்கமூலத்துக்கு 'அ'னு பேர் வைங்க. பாதிக் கூட்டம் அ-வின் வர்க்கம். மொத்தம் அதைப் போல ரெண்டு மடங்கு. அதில் ஒன்பதில் ஒரு பங்கு, 'அ'வோட 2 சேர்த்தா வர்றதுக்குச் சமம். ரூட் காணாமப் போய் சாதாரண இருபடிச் சமன்பாடு ஆயிடுச்சு. தீர்த்தா அ-வுக்கு ரெண்டு விடை: 6, இல்லைன்னா மைனஸ் ஒன்றரை.

6 போட்டா மொத்தம் 72 வண்டு. 6, 64, 2 கூட்டிப் பாருங்க, சரியா வரும். மைனஸ் ஒன்றரை போட்டா? நாலரை வண்டு!

பாஸ்கரர் சொல்ற விடை 72 மட்டும்தான். 'லீலாவதி'யில் அவர் தர்ற வழிமுறையில் நாலரை எட்டிக்கூடப் பார்க்காது. பார்த்திருந்தாலும் யார் நம்பப் போறா, அரை வண்டு எங்க பறக்கும்?

உண்மையான சிக்கல் அவரோட 'பீஜகணித'த்தில் வருது. அங்க குரங்குகள். ஒரு கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கோட வர்க்கம் அளவு காட்டில் விளையாடுது, மீதி 12 குன்று மேல கத்திக்கிட்டிருக்கு. விடை 48, இல்லைன்னா 16. ரெண்டும் பொருந்துது, ரெண்டையும் ஏத்துக்கிறார்.

அடுத்த கணக்கு: ஐந்தில் ஒரு பங்கு எடுத்து, 3 கழிச்சு, வர்க்கப்படுத்தினா வர்ற அத்தனை குரங்கு குகைக்குள்ள போயிடுச்சு. ஒண்ணு மட்டும் கிளையில் தெரியுது. விடை 50, இல்லைன்னா 5. இங்க 5-ஐ வேண்டாம்னு ஒதுக்கிடறார். அவர் சொல்ற காரணம், குறை எண்ணா வர்ற அளவில் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. அஞ்சில் ஐந்தில் ஒரு பங்கு 1. ஒண்ணுலேர்ந்து மூணு கழிச்சா மைனஸ் 2.

ஆனா மைனஸ் 2-ஐ வர்க்கப்படுத்தினா 4. குகைக்குள்ள 4, கிளையில் 1, ஆக 5. ஒரு குரங்குகூடக் குறையலை! இது பாஸ்கரருக்குத் தெரியாம இல்லை. நேர் எண்ணுக்கு நேர்லயும் குறையிலயும் ரெண்டு வர்க்கமூலம் உண்டுன்னு அதே நூலில் அவரே சொல்லியிருக்கார். அதனால அவரோட வார்த்தைகளை நான் கவனமாத்தான் படிக்கிறேன். கணக்கு தப்புன்னு அவர் சொல்லலை, ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்றார். கணிதக்காரர் ஒருத்தர் கேக்கறவங்க மனசைப் பார்த்து விடையைத் தேர்ந்தெடுக்கிற இடம் இது.

நமக்கு ஸ்கூலில் இதையே வேற மாதிரி சொல்லிக் கொடுத்தாங்க: ரூட் போட்ட சமன்பாட்டில் ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினா, கடைசியில் விடையைப் போட்டுச் சரிபார்க்கணும். பல பேர் விட்டுட்டு மார்க் இழந்த ஸ்டெப். வர்க்கப்படுத்தும்போது பிளஸ் 2, மைனஸ் 2 ரெண்டும் 4 ஆயிடுது, எது எங்கேர்ந்து வந்ததுங்கிற அடையாளம் அழிஞ்சிடுது. ரூட் குறி போட்டா நேர் மூலம் மட்டும்தான்னு இன்னைக்கு ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில்தான் 5-ஓட கதி இருக்கு.

குரங்குக் கணக்கை வர்க்கமா எழுதினா 5 சரியான விடை. அதையே, மொத்தத்தில் ஒண்ணு கழிச்சு ரூட் எடுத்தா, ஐந்தில் ஒரு பங்கு கழித்தல் 3-க்குச் சமம்னு எழுதிப் பாருங்க. 50 போட்டா ரெண்டு பக்கமும் 7. 5 போட்டா இடது பக்கம் 2, வலது பக்கம் மைனஸ் 2.