கூலிக் கணக்கும் நெசவுப் பெண்டிரும்

மாஞ்செஸ்டர் மல் துணியை விரும்பி உடுத்தினர் நம் முன்னோர். அதனை நெய்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள் என்பதை அறிந்தார் சிலரே.

19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் லங்காஷயர் ஜில்லாவில், விசைத்தறியில் நின்ற அப்பெண்டிர்க்கு நாட்கூலி கிடையாது; நெய்த துணிக்கே கூலி. துணியின் நீள அகலம் என்ன, ஓர் அங்குலத்தில் ஊடையிழை எத்தனை என்பவற்றைக் கொண்டே அது கணக்கிடப்பட்டது. விவரமோ முதலாளியின் ஏட்டில் இருந்தது. இழை கூடினால் நெய்பவளுக்கு உழைப்புக் கூடும்; ஏட்டில் அது ஏறாவிடின் கூலி கூடாது. எவ்வளவு களவு போயிற்றென்று அறியாதவள், களவென்று வாய் திறப்பது எங்ஙனம்? பால் நிறுக்கும் தராசின் முன் நின்ற நம் தோட்டத்துத் தாய்மார்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நெசவாளர் சங்கங்கள் விடாது கேட்டன. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. கூலி விகிதத்தை நெய்பவரே அறிந்துகொள்ளத்தக்க விவரங்களை முதலாளி எழுத்து மூலம் கொடுத்தல் வேண்டும் என்பது அது. மறு ஆண்டே, 1892இல், பொதுக் கூலிப் பட்டியல் ஒன்று ஏற்பட்டது. அப்பட்டியலில் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு ஒரு விகிதம் என்பது இல்லை! மேற்பார்வை வேலை ஆண்களிடமே தங்கிவிட்டது மெய்யே. ஆயினும் ஒரே துணிக்கு ஒரே கூலி என்னும் நீதி ஏட்டில் ஏறியது.

பட்டியல் எளிதன்று, பின்னங்களும் சதவீதங்களும் நிறைந்தது. ஆதலின் பருத்தித் தொழிலாளர் சங்கங்கள் தம் செயலாளரைக் கணக்குப் பரீட்சை வைத்தே தெரிந்தெடுத்தன. ஐயமுற்ற பெண் அவரிடம் செல்வாள். அவர் கணக்கிட்டுப் பார்த்து, குறைந்திருப்பின் ஆலைக்கே சென்று கேட்பார். மேடைப் பேச்சில் மயங்கும் நம்மவர் இதனைச் சற்றுக் கவனிப்பாராக.

பட்டியலற்ற இடங்களின் நிலை வேறு. இலண்டனில் பிரையண்ட் அண்டு மே தீக்குச்சித் தொழிற்சாலையில், கால் அழுக்கென்றும் பலகையில் குச்சி கிடந்ததென்றும் பெண்களின் கூலியில் அபராதம் பிடித்தனர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார், 1888 ஜூனில், அக்கூலியையும் அபராதத்தையும், பங்குதாரர் பெற்ற 23 சதவீத லாபத்தையும் தம் பத்திரிகையில் அச்சேற்றினார். அது பொய்யென்று கையெழுத்திடப் பெண்கள் மறுத்தனர். ஏறத்தாழ 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். ஜூலை மாதத்திலேயே அபராதம் ஒழிந்தது.

மற்றத் தொழிற்சாலைகளிலோ அபராதம் தொடர்ந்தது. 1893இல் முதன்முதலாக இரு பெண்மணிகள் தொழிற்சாலைப் பரிசோதகராயினர். அபராதம் பிடித்தால் எதற்கு, எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்கவேண்டுமென்று 1896இல் சட்டம் விதித்தது. அச்சீட்டு உண்மையில் கைக்கு வந்ததா என்று தொழிலாளப் பெண்களிடமே அப்பரிசோதகர்கள் சென்று கேட்கலாயினர்.